பம்ப் ஹவுஸுக்கு ஒரு சிம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அத்தானின் இருமல் நின்றதா? என் மருமகளுக்கு அந்த முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறதா? நான் சுகமாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

கடிதத்தைக் கையில் வாங்கியதும் சிரித்திருப்பாய். மொபைல் இன்டர்நெட் விற்கிற கடைக்காரியின் தம்பி, ஊர் ஊராகப் போய் மோட்டார்களுக்கு சிம் போடுகிறவன், காகிதத்தில் எழுதுகிறான். என்ன செய்ய? இந்த பம்ப் ஹவுஸ் இரண்டு மலைகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது. போனைக் காதில் வைத்தால் என் மூச்சுதான் எனக்குக் கேட்கிறது. மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதுவரை ஏறினால் எப்போதாவது ஒரு குறுஞ்செய்தி வந்து விழும். அவ்வளவுதான். தினம் வரும் பஸ்ஸின் கண்டக்டர் கடிதங்களை வாங்கிப்போய் டவுனில் போடுகிறார்.

ஆனால் நான் மாட்டப்போகும் பெட்டிக்கு இந்த சிக்னலே போதும். அது நம்மைப் போல மணிக்கணக்கில் பேசாது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓடு என்றால் மோட்டாரை ஓட்டும், நில் என்றால் நிறுத்தும். அதன் பிறகு இங்கே ஆள் தேவையில்லை.

இப்போதைக்கு ஒரே ஒரு ஆபரேட்டர் இருக்கிறார். அதிகம் பேசாதவர். மாற்று ஆள் ஓய்வு பெற்றுப் போன பிறகு வேறு ஆளே போடவில்லையாம். இங்கே கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எப்போது வந்தாலும் எழுந்து மோட்டாரைப் போட வேண்டும், தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும். கீழே ஒரு ஆஸ்பத்திரியும் மூன்று குடியிருப்புகளும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. வந்த அன்றே எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். இவருடைய வேலைக்கு உலை வைக்க வந்துவிட்டு அவர் கையால் தேநீர் குடிப்பதா என்று இருந்தது. குடித்துவிட்டேன்.

மற்ற இடங்களில் ஒரு வாரம் ஆனது. இங்கே இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 15

அன்புத் தம்பி ஒட்டடைக்குச்சிக்கு,

இங்கு எல்லாரும் நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது, பழகிவிட்டது. உன் மருமகளின் பல் விழுந்தது. அதை உனக்கு அனுப்பச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை உன் அத்தான் கடையில் எல்லாருக்கும் காட்டினார். எல்லாரும் என்றால் நானும் அவரும் எதிர்க்கடைத் தையல்காரரும்தான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் செருகுகிற டாங்கிள் கேட்டு ஒருவர் வந்து எத்தனையோ நாளாகிறது. ஒரு காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வாசல்வரை நின்று வாங்கினார்கள், உனக்கு நினைவிருக்கும். இப்போது ஆளுக்கொரு போன், போனுக்குள்ளேயே எல்லாம். வைஃபை பாக்கெட் ரவுட்டர்களைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் அடுக்குகிறேன். வருகிறவர்கள் போனுக்கு உறை கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் கம்பெனி மேலாளர் போன வாரம் வந்திருந்தார். இந்த வட்டாரத்துக்கான சிம்களை இனி நம் கடை வழியாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். லிஃப்ட், கார்டு தேய்க்கிற மிஷின், பள்ளிக்கூட பஸ், எல்லாவற்றுக்குள்ளும் இனி சிம்தானாம். மனுஷனுக்கு விற்கிற காலம் முடிந்தது, மிஷினுக்கு விற்கிற காலம் வந்தது என்று ஒரு பிரசங்கமே செய்தார். உன் அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மிஷின் பேரம் பேசாதுல்ல?"

அந்த ஆபரேட்டர் பெரியவரை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. வயதான காலத்தில் வேலை போவது சின்ன விஷயமா? நீ பாட்டுக்கு மாட்டிவிட்டுக் கிளம்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசிவிட்டு வா. துணிகளை வெயிலில் காயப்போடு, ஆற்றங்கரை ஈரம் உனக்கு ஆகாது.

அன்புடன்
அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலம்தானே? உறை விற்றாலும் வியாபாரம்தான், மனதைத் தளரவிடாதே. பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், வந்து பார்க்கிறேன்.

வேலை கொஞ்சம் இழுத்துவிட்டது. பெட்டியை மாட்டியும் சிக்னல் நிற்கவில்லை. பெரிய ஆன்டெனா கேட்டு எழுதிப்போட்டேன். அது வருவதற்குள் ஒரு வாரம் போனது. தொட்டியின் மேல் ஏறி அதைக் கட்டும்போது ஆபரேட்டர் கீழே நின்று கயிறு பிடித்தார். என் உயரத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்டெனா எதுக்கு, நீங்களே மேல நின்னுக்கலாமே" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு. கட்டி முடித்ததும் சிக்னல் நன்றாகவே கிடைத்தது. பச்சை விளக்கு எரிகிறது.

இங்கே இருக்கிற ஸ்விட்ச் போர்டைப் பார்த்தால் நீ பயந்துபோவாய். அதன் கதவுத் தாழ்ப்பாள் போய் எத்தனையோ வருஷமாம். ஒரு கொண்டை ஊசியை வளைத்துச் செருகிவைத்திருக்கிறார். புதுத் தாழ்ப்பாள் போடுகிறேன் என்றேன். ஊசியே போதும் என்றுவிட்டார்.

ஒன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாராம். இவருடைய அப்பா பார்த்த வேலை, அவர் போன பிறகு இவருக்குக் கொடுத்தார்கள். கூடப்பிறந்த அக்கா ஒருவர்தான், தொலைவில் இருக்கிறார். அந்த அக்காவின் கல்யாணத்துக்குக்கூட இவரால் போக முடியவில்லை. தொட்டிக்கு ஏறி, கிடைத்த சிக்னலில் நாதஸ்வரமோ மைக்கோ ஏதோ ஒரு சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு இறங்கி வந்தாராம். சினிமாவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

தினமும் ஒரு தடவை, "எப்ப முடியும்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

இங்கே கொசு அதிகம், தூக்கம் கொஞ்சம் குறைவு. வேறு குறை எதுவும் இல்லை.

உன் தம்பி

மார்ச் 12

தம்பி,

நாங்கள் நலம், நீயும் நலமாக இரு. கடையில் ஆள் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பெரியவருக்கு எப்போது கொண்டை முளைத்தது?

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, பஸ் சில நாள் வரவில்லை. அத்தானுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? குளிர்ந்த தண்ணீர் குடிக்க விடாதே.

நான் பெரியவர் என்று எங்கேயும் எழுதவில்லை. அவர் என்றுதான் எழுதினேன். மரியாதைக்கு அப்படித்தானே எழுத வேண்டும்? ஆபரேட்டர் ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, வேறொன்றும் இல்லை.

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. குழாயின் வாயில் சருகு அடைத்துக்கொள்ளும். அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் மறுமுனையை யார் பிடித்தார்கள் என்று கேட்டேன். கம்பத்தைக் கைகாட்டினாள். மேலே வந்து தலையைத் துவட்டியபடி, மோட்டாரின் சத்தம் எப்போது எப்படி மாறும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வேலை இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. சிக்னல் நிலையாக இல்லை என்று மேலாளருக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சநாள் பார்த்துவிட்டுத்தான் கடைசி இணைப்பைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு எதையும் செய்யக்கூடாது அல்லவா?

என் மருமகளுக்கு முத்தம். உன் காலுக்கு ஓய்வு கொடு.

உன் தம்பி

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் அத்தான் நீ சொன்னதைக் கேட்டதும் வேண்டுமென்றே ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடித்தார். பிறகு இருமினார்.

உன் முந்தின கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மார்ச் முதல் தேதி, ஆன்டெனா கட்டியதும் சிக்னல் நன்றாகக் கிடைத்தது, பச்சை விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரலில் சிக்னல் நிலையாக இல்லை என்கிறாய். அங்கே சிக்னல் கிடைக்காமல் தவிப்பது பெட்டியா, ஒட்டடைக்குச்சியா?

சிரிக்கத்தான் எழுதினேன். இனி எழுதுவது சிரிக்க அல்ல. மேலாளர் நேற்று சிம் எடுக்க வந்தவர் உன்னைப் பற்றிக் கேட்டார். மற்ற பம்ப் ஹவுஸ் எல்லாம் முடிந்துவிட்டதாம், உன்னுடையது ஒன்றுதான் தொங்குகிறதாம். இந்த மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வேறு ஆளை அனுப்புவேன் என்றார். உனக்கு அதற்கப்புறம் வேலை இருக்குமா என்று நான் கேட்டேன். அவர் அலமாரியைப் பார்த்தார்.

நீ அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் அழுதால் ஏன் என்று கேட்க மாட்டாய், நீயே ஒரு காரணத்தை முடிவுபண்ணி எதையாவது கொண்டுவந்து கொடுப்பாய். பாதி நேரம் அது எனக்கு வேண்டாததாக இருக்கும். வேலை போனால் என்ன செய்வாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்காமல் எத்தனை நாள் அவளுக்காக நீயே கவலைப்படுவாய்?

கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் உடம்பளவில் நலம்.

உன் கடிதம் வந்த அன்றே கேட்டுவிட நினைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். அந்த நாளைக்குக் காலையில் அவள் தொட்டியில் தண்ணீர் அளவு பார்க்க மேலே ஏறினாள். இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்தது. அவள் அக்காவுக்குப் பிரசவம் ஆகிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டது. குழந்தையை இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கணவர் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணைக்கு ஆளில்லை.

அவள் நேராகப் பெட்டி இருக்கும் சுவரிடம் போனாள்.

"பச்சை லைட் எரியுது. ரெண்டு மாசமா எரியுது. ஏதோ டெஸ்ட் பண்றீங்கன்னு நம்பிட்டு இருந்தேன். நெஜமாவே இதுல என்ன கோளாறு?"

கோளாறு ஒன்றும் இல்லை என்றேன். மாட்டிவிட்டால் உங்கள் வேலை போய்விடுமே என்றுதான் இழுத்தடித்தேன் என்றேன். என் காதுக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"இந்த மிஷினைக் கொண்டாந்து வைங்கன்னு மூணு வருஷமா ஆபீஸுக்கு மனு போட்டது நான்தான். உங்களை வரவச்சதே நான்தான். எப்ப முடியும் எப்ப முடியும்னு தினம் கேட்டேனே, எதுக்குக் கேக்கறேன்னு ஒரு நாளாவது தோணலையா? அக்காகிட்ட வாக்கு கொடுத்திருந்தேன். கல்யாணத்துக்குத்தான் வரல, இதுக்காவது வந்துடறேன்னு."

கடைசி இணைப்பைக் கொடுக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அக்கா. அவ்வளவு சின்ன வேலை அது. மேட்டுக்கு ஏறித் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஓடிவந்தேன். அவள் பழக்கதோஷத்தில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கை படுவதற்கு முன்பே மோட்டார் கிளம்பியது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பையில் துணியை எடுத்துவைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் மாதம் யாராவது கூட இருந்து கவனிக்க வேண்டும், நான் இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றேன். கேட் சாவியை என்னிடம் நீட்டவில்லை, மேஜைமேல் வைத்தாள். பத்து நாளில் வருவதாகச் சொன்னாள். அதையும் கண்டக்டரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். பஸ் திரும்பும்வரை நின்றேன். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேலாளருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இருக்கிற விடுப்பை எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். அவர் என்ன செய்தாலும் சரி.

நீ கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை.

உன் தம்பி

மே 11

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள்.

மத்தியான நேரம். உன் அத்தான் சாப்பிடப் போயிருந்தார். ஒரு பெண் பையோடு வாசலில் நின்று கடைப்பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பாக்கெட் ரவுட்டர் இருக்கிறதா என்று கேட்டாள். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. தன் அக்கா வீட்டில் இருந்தபடியே தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், தன் போன் பழசு, அதற்கு எது சரிவரும் என்றாள். நான் நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்பினேன். அவள் அதைப் பார்க்காமல் நான் எழுதி ஒட்டியிருந்த அட்டைகளைப் பார்த்தாள். "நீங்க 'ழ'வை இப்படித்தான் சுழிப்பீங்க. கவர்ல பாத்திருக்கேன்" என்றாள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. இத்தனை மாதமும் நம் கடிதங்களைக் கண்டக்டரிடம் கொடுத்து வாங்கியது அவள்தானே.

பஸ் மாறும் இடைவேளையில் இங்கே தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். அவளுக்குக் கட்டுப்பாட்டு அறையில் இடம் தருகிறார்கள். எல்லா பம்ப் ஹவுஸும் ஒரே திரையில் தெரியுமாம். வேலை போகவில்லை, மடையா. இடம்தான் மாறுகிறது. நீ மேலாளரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். நல்ல பசி அவளுக்கு. சாப்பிட்டபடியே நடந்ததையெல்லாம் சொன்னாள். நான் உனக்காக மன்னிப்புக் கேட்டேன். என் தம்பி செய்தது தப்புதான், உன் கோபம் நியாயம் என்றேன். அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோபம்தான் அக்கா. பஸ்ல வரும்போது பூரா கோபம்தான். ஆனா ஒண்ணு இருக்கு. வந்த ரெண்டாவது வாரம் மோட்டார் ரூம் சாவி டெஸ்டிங்குக்கு வேணும்னு வாங்கி வச்சிக்கிட்டார். அதுக்கப்புறம் ராத்திரி கரண்ட் வர்றப்பல்லாம் அவர்தான் எழுந்து மோட்டாரைப் போட்டிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மொதல் நாள் பதறி எழுந்து ஓடினேன். அவர் அங்க நின்னு தூக்கக் கலக்கத்துல மீட்டரைப் பாத்துட்டு இருந்தார். நான் சத்தம் போடாம திரும்பி வந்து படுத்துட்டேன். ஒன்பது வருஷத்துல நான் விடிய விடியத் தூங்கினது இந்த ரெண்டரை மாசம்தான்."

கொசு என்று எனக்கு எழுதினாய்.

தம்பி, நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அவளிடம் நேராகவே ஒரு கேள்வி கேட்டேன். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் பதில் சொன்னாள். அந்தப் பதிலை நான் எழுதப் போவதில்லை.

உன் அத்தான் வந்து அவளை பஸ் ஏற்றிவிட்டார். உன் மருமகள் தன் பல்லைக் காட்டினாள். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துக் கவனமாகப் பார்த்து, நல்ல பல் என்று சொன்னாளாம். அதிலிருந்து அந்த ஆன்ட்டி எப்போது வருவார் என்று ஒரே நச்சரிப்பு.

அன்புடன்
அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேறு எதையும் எழுத எனக்கு இப்போது வரிசையாக வரவில்லை.

அவள் என்ன சொன்னாள்?

பத்து நாள் எப்போதோ கடந்துவிட்டது. பஸ் வரும் நேரத்துக்கு நான் ஏதாவது வேலை இருப்பது போல வெளியே வந்து நிற்கிறேன். கண்டக்டர் இறங்கும்போதே உதட்டைப் பிதுக்குகிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

பெட்டி நன்றாக வேலை செய்கிறது. நான் இங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் மோட்டார் கிளம்பினால் எழுந்துபோய் ஒருமுறை பார்க்காமல் இருக்க முடியவில்லை. டவுன்வரை போய்ச் சவரக்கத்தி வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் பெட்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது. இறங்கி நடந்தே திரும்பிவிட்டேன். எனக்கு ஒரு மாதத்தில் இப்படி. அவளுக்கு ஒன்பது வருஷம். நான் அவளை இன்னும் இரண்டு மாதம் பிடித்துவைத்தேன்.

கோபமாக இருக்கிறாள் என்றால் அதையாவது எழுது. தெரிந்துகொள்கிறேன்.

உன் தம்பி

மே 29

தம்பி,

எங்களுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறோம். நீ தாடி வளர்க்க வேண்டாம், உன் முகத்துக்கு அது ஒத்துவராது.

அவள் அக்காவின் குழந்தை பெண். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எடை ஏறும்வரை அங்கேயே இருப்பதாகக் கடைக்குப் போன் செய்து சொன்னாள். ரவுட்டர் நன்றாக வேலை செய்கிறதாம். அதில் தொட்டியின் தண்ணீர் அளவைத் தினமும் பார்க்கிறாளாம்.

மேலாளர் உன்மேல் பொருமிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அவளே மேலே சொல்லியிருக்கிறாள், பெட்டி வேலை செய்கிறது, ஆளும் கூட இருந்து பார்க்கிறார் என்று. அடுத்த ஊருக்கான சிம்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வேலையும் உனக்குத்தான்.

எழுத மாட்டேன் என்றால் எழுத மாட்டேன். அவள் கேட்டுக்கொண்டது அது. நீ அங்கேயே இரு.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

எல்லாரும் நலமென்று நம்புகிறேன். நான் மிகவும் நலம்.

அவள் நேற்றுச் சாயங்கால பஸ்ஸில் வந்தாள். நேராக மோட்டார் அறைக்குள் போனாள். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள், வடிகட்டியைத் திறந்து பார்த்தாள். தரையைப் பெருக்கி வைத்திருந்தேன், அதையும் பார்த்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். மூக்கு மட்டும் அவர்கள் அப்பாவின் மூக்காம். அதைச் சொல்லும்போது முகம் இளகியது.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உங்கள் அக்கா உங்களிடம் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை, நான் கேட்டும் எழுத மாட்டேன் என்றுவிட்டாள் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உன்மேல் அவளுக்கு அப்போதே மரியாதை கூடிவிட்டது, அக்கா.

"நானே சொல்லணும்னுதான் வேண்டாம்னு சொன்னேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. இனிமே எனக்கு எது நல்லதுன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும். நல்லதா இருந்தாலும் சரி."

சரி என்றேன்.

பிறகு அவள் கட்டுப்பாட்டு அறை வேலையைப் பற்றிச் சொன்னாள். எட்டு மணி நேரம் முடிந்ததும் வேறு ஆள் வந்துவிடுவாராம், வீட்டுக்குப் போய்விடலாமாம். வருஷத்தில் ஒரு மாதம் விடுப்பு உண்டாம். "அப்படி ஒண்ணு இருக்குன்னே இத்தனை வருஷம் யாரும் சொல்லல" என்றாள். அந்த ஒரு மாதமும் நான் சிம் போடப் போகும் ஊர்களுக்கெல்லாம் கூடவே வந்து ஊர் பார்க்கப்போகிறாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், மலைக்கு நடுவில் மட்டும் வேண்டாம் என்றாள்.

நீயும் அத்தானும் என் மருமகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் அவள் அக்கா வீட்டுக்குப் போய் முறைப்படி பேசிவிட்டு வர வேண்டும். குழந்தை சின்னது, அத்தானை இருமாமல் இருக்கச் சொல்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மோட்டார் தானாகக் கிளம்பியது. அவள் சட்டென்று எழுந்தாள். நானும் எழுந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் படியில் உட்கார்ந்தாள், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் அதே படியில் இடம் விட்டாள். நானும் உட்கார்ந்தேன். தொட்டி நிறைகிற சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

உன் தம்பி